அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எந்த இல்லம்?
ரொறன்ரோ முதியோர் பராமரிப்பு இல்லங்களை எடைபோடுவது எவ்வாறு?

எம்மவர் ஒருவர் ஸ்காபரோவில் வீடு வாங்குவதானால் பத்து வீடுகளையாவது ஏறி இறங்கிப் பார்க்கிறார். வாசல் எத்திசையை நோக்குகிறது, பாடசாலை எவ்வளவு தூரம், அயலவர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் விசாரிக்கிறார். பழைய கார் ஒன்றை வாங்குவதற்குக்கூட விடயமறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்கிறார். ஆனால் பெற்ற தாயோ தந்தையோ தமது இறுதிக் காலத்தைக் கழிக்கப்போகும் இல்லத்தைத் தெரிவுசெய்யும் வேளை வரும்போது, எமது குடும்பங்கள் பல ஓர் இல்லத்தின் படியைக்கூட முன்னர் மிதித்திருப்பதில்லை. வைத்தியசாலையில் கட்டில் கேட்டு நெருக்கும்போதுதான் அவசர அவசரமாக ஒரு பட்டியலைக் கையிலெடுக்கின்றனர்.

இதற்குக் காரணம் அன்பின்மை அன்று, வெட்கமே ஆகும். தாயகத்தில் முதியோர் இல்லம் என்றால் உற்றார் உறவினர் அற்றவர் போய்ச் சேரும் இடம் என்பதே எமது எண்ணம். யாழ்ப்பாணத்தில் கைதடி முதியோர் இல்லத்தின் பெயரைச் சொன்னாலே, "பிள்ளைகள் கைவிட்டு விட்டார்களோ?" என்ற கேள்வி எழும். அந்த எண்ணத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் நாம் இந்த மண்ணுக்கு வந்தோம். அதனால் இதைப்பற்றி வீட்டில் பேசுவதில்லை, பேசாததால் விசாரிப்பதில்லை, விசாரிக்காததால் கிடைத்ததை ஏற்றுக்கொள்கிறோம்.

இனியும் இவ்வாறு இருக்க முடியாது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் வந்தவர்களும், 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரும் அன்று பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களே இன்று அறுபதையும் எழுபதையும் எட்டியிருக்கின்றனர். பின்னர் அவர்கள் அழைப்பித்த பெற்றோர் எண்பதையும் தொண்ணூறையும் தாண்டிவிட்டனர். பிள்ளைகள் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், படுக்கையில் வீழ்ந்த ஒருவரையோ ஞாபகமறதி நோய்க்கு ஆளாகி இரவில் கதவைத் திறந்து வெளியேறும் ஒருவரையோ எவ்வளவு காலம் தனியே பார்த்துக்கொள்ள முடியும்? வெள்ளம் வருமுன் அணை கட்டுவதே அறிவுடைமை.

இருவகை இல்லங்கள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். ஓய்வுகால இல்லம் என்பது வேறு, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் என்பது வேறு. ஓய்வுகால இல்லம் ஏறத்தாழ வாடகை வீடு போன்றது. அறைக்கும் உணவுக்கும் சேவைக்கும் குடும்பமே முழுப் பணத்தையும் செலுத்த வேண்டும். விலையை நடத்துநரே நிர்ணயிப்பார். அது 2010ஆம் ஆண்டின் தனியான சட்டமொன்றின் கீழ் வருவது. அழகான வரவேற்பறையையும் பியானோவையும் கண்டு மயங்கி, இதுதான் நேர்சிங் ஹோம் என்று எண்ணிப் பணம் கட்டிவிட்டுப் பின்னர் தவிக்கலாகாது.

நாம் பேச்சுவழக்கில் நேர்சிங் ஹோம் என்று கூறுவது நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தையே ஆகும். இங்கு 24 மணித்தியாலமும் பதிவுபெற்ற தாதி ஒருவர் கடமையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தாதியருக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை மாகாண அரசு ஏற்கிறது. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் உரிய பங்கை மட்டுமே முதியவர் செலுத்துகிறார். 2024ஆம் ஆண்டு யூலை முதல் சாதாரண அறைக்கு அப்பங்கு மாதம் 2,036 டொலராகவும், புதிய இல்லங்களில் தனியறைக்கு ஏறத்தாழ 2,900 டொலராகவும் இருந்தது. இத்தொகை வழமையாக ஆண்டுதோறும் யூலையில் மாற்றப்படுகிறது. வருமானம் குறைந்தவர் சாதாரண அறைக்குக் கட்டணக் குறைப்புக் கோரலாம். அதற்கு வருமான வரி மதிப்பீட்டுப் பத்திரம் தேவை. ஆதலால் வருமானமே இல்லாத முதியவரும் ஆண்டுதோறும் வரிப்பத்திரம் சமர்ப்பிப்பது அவசியம். தனியறைக்கு இந்தச் சலுகை இல்லை.

இங்கே ஒரு முக்கிய உண்மை உள்ளது. ஒரே வகை அறைக்குரிய உச்சக் கட்டணத்தை மாகாணமே விதிக்கிறது. எனவே கூடிய பணம் கொடுத்தால் கூடிய கவனிப்புக் கிடைக்கும் என்ற சந்தைக் கணக்கு இங்கு செல்லாது. தரத்தை வேறு வழிகளில்தான் அளக்க வேண்டும்.

உரிமையாளர் யார்?

ஒன்ராறியோவில் அறுநூறுக்கும் மேற்பட்ட இல்லங்கள் உள்ளன. அவை மூவகைப்படும்: இலாபத்துக்காக நிறுவனங்கள் நடத்துபவை, சமய மற்றும் சமூக அமைப்புகள் இலாப நோக்கின்றி நடத்துபவை, மாநகர சபைகள் நடத்துபவை. ரொறன்ரோ மாநகரம் பத்து இல்லங்களை நடத்துகிறது. அவற்றுள் பென்டேல் ஏக்கர்ஸ், செவன் ஓக்ஸ் ஆகிய இரண்டும் எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் உள்ளன.

இவற்றுள் எது சிறந்தது? கொவிட் பெருந்தொற்று இக்கேள்விக்குக் கொடிய முறையில் விடை கூறியது. 2020ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஒன்ராறியோவின் 623 இல்லங்களை ஆராய்ந்த ஆய்வொன்று கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளியானது. நோய் ஓர் இல்லத்துள் புகுவதற்கும் உரிமையாளர் யார் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் புகுந்த பின்னர் எத்தனை பேருக்குப் பரவியது, எத்தனை பேர் இறந்தனர் என்பதில் இலாப நோக்குடைய இல்லங்களின் நிலை மோசமாக இருந்தது. அதற்குப் பெருமளவு விளக்கமளித்த காரணிகள் இரண்டு: கட்டடங்கள் பழைய வடிவமைப்பில் இருந்தமை, இல்லங்கள் பெரிய சங்கிலி நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தமை. நான்கு கட்டில்களுக்கு ஒரு குளியலறை என்ற பழைய அறைகளில் ஒருவர் இருமினால் நால்வருக்கும் நோய் வந்தது.

அவ்வாண்டு கனடிய இராணுவம் ஒன்ராறியோவில் முதலில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்கு அழைக்கப்பட்டது. ஸ்காபரோவில் அல்ரமொன்ற், நோர்த் யோர்க்கில் ஹோதோர்ன் பிளேஸ், எற்றோபிக்கோவில் ஈற்றன்வில், பிக்கறிங்கில் ஓர்ச்சாட் வில்லா, பிராம்ப்ரனில் கிறேஸ் மனர் என்பனவே அவை. மே 26ஆந் திகதி வெளியிடப்பட்ட இராணுவத்தின் அறிக்கை நாட்டையே உலுக்கியது. அழுக்கடைந்த நிலையில் விடப்பட்ட முதியோர், உதவி கேட்டு அழைத்தும் நெடுநேரம் கவனிக்கப்படாதோர், கரப்பான் பூச்சிகள் என அது கண்டவற்றை எழுதியது. இந்த ஐந்தில் நான்கு இலாப நோக்குடையவை. ஒன்று இலாப நோக்கற்ற சமய அமைப்பினுடையது. மாநகர இல்லங்களும் முற்றாகத் தப்பியவை அல்ல. 2005ஆம் ஆண்டிலேயே செவன் ஓக்ஸ் இல்லத்தில் லீஜியனேயர் எனும் நுரையீரல் நோயால் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

எனவே உரிமையாளர் யார் என்பது முதற் கேள்வியே தவிர முடிந்த முடிபன்று. அறைகளில் எத்தனை கட்டில்கள், கட்டடம் எக்காலத்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மேலே கூறியவை அக்காலத்து நிலைமைகள்; இன்றைய நிலைமையை இன்றைய அறிக்கைகளிற்தான் பார்க்க வேண்டும்.

அறிக்கைகளை வாசிக்கும் முறை

மாகாண அமைச்சின் பரிசோதகர்கள் இல்லங்களுக்குச் சென்று எழுதும் அறிக்கைகள் பகிரங்கமானவை. அமைச்சின் இணையத்தளத்தில் இல்லத்தின் பெயரைக் கொடுத்துப் பிள்ளைகள் அவற்றை எடுத்துத் தரலாம்.

பாடசாலை அதிபரின் முன்னேற்ற அறிக்கையைப் போல இதையும் நிதானமாக வாசிக்க வேண்டும். குறைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்ப்பது தவறு. 250 கட்டில்கள் உள்ள இல்லத்தில் 60 கட்டில்கள் உள்ள இல்லத்தைவிட முறைப்பாடுகள் கூடுதலாக இருப்பது இயல்பே. மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது, குறை எத்தகையது? பதிவேட்டில் ஒப்பமிடாமை ஒன்று. படுக்கைப் புண்ணுக்கு மருந்திடாமை மற்றொன்று. இரண்டாவது, அது எழுத்துமூல அறிவித்தலோடு நின்றதா, அல்லது திருத்தும்படி கட்டளையாகவோ தண்டப்பணமாகவோ வளர்ந்ததா? மூன்றாவது, அதே குறை அடுத்த அறிக்கையிலும் வந்திருக்கிறதா? தவறு எங்கும் நிகழும். அதே தவறு மூன்று முறை நிகழுமாயின் அங்கு கேட்பாரில்லை என்பது பொருள்.

அறிக்கையில் குறை இல்லை என்றவுடன் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டில் மாகாணத்தின் 626 இல்லங்களுள் ஒன்பது மட்டுமே முழுமையான பரிசோதனைக்கு உட்பட்டதைச் சீ.பீ.சீ. நிறுவனம் அம்பலப்படுத்தியது. சோதிக்காத பாத்திரத்தில் ஓட்டை தெரிவதில்லை.

இவற்றைவிட, கனடிய சுகாதாரத் தகவல் நிறுவனம் இல்லங்கள் தோறும் சில அளவுகளை வெளியிடுகிறது. எத்தனை பேர் விழுந்தனர், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் மோசமாகியது, எத்தனை பேர் கட்டிவைக்கப்பட்டனர், மனநோய் இன்றியே மனநோய் மருந்து எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்பன அவற்றுட் சில. இந்த இறுதி அளவை எம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் மாகாணச் சராசரி ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அதனை மிகவும் விஞ்சும் இல்லத்தில், ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை.

மொழி மருந்தாகும் இடம்

இக்கேள்வி எமக்கு ஏன் முக்கியம்? ஞாபகமறதி நோய் முற்றும்போது பின்னர் கற்ற மொழியே பெரும்பாலும் முதலில் மறைகிறது. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் வேலை செய்தவரும் ஈற்றில் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார். "தண்ணி தாங்கோ" என்று ஒரு தாய் மீண்டும் மீண்டும் உரத்துக் கேட்டால், மொழி அறியாத பணியாளருக்கு அது வெறும் கூச்சலாகவே கேட்கும். "நாரி நோகுது" என்பது எவருக்கும் விளங்காவிடின் நோவுக்கு மாத்திரை வராது. அமைதிப்படுத்தும் மாத்திரை வரக்கூடும். ஆகவே மொழி என்பது எமக்குப் பண்பாட்டு அலங்காரம் அன்று. அது மருத்துவத் தேவை.

இந்த உண்மையைச் சீன சமூகத்தினர் எமக்கு முன்னரே உணர்ந்தனர். யீ ஹொங் நிலையத்தின் முதலாவது இல்லம் அச்சமூகத்தின் பெருமுயற்சியால் 1994ஆம் ஆண்டு ஸ்காபரோவில் திறக்கப்பட்டது. தம் மொழி பேசும் தாதியர், தம் உணவு, தம் பண்டிகைகள் என்ற அமைப்பு அங்கே வழக்கமாயிற்று. இன்று அந்நிலையத்துக்கு நான்கு இல்லங்கள் உள்ளன. ஸ்காபரோ பின்ச் வீதியிலுள்ள இல்லத்தில் தென்னாசியருக்கென ஒரு பிரிவும் உண்டு. இத்தாலியர் 1976ஆம் ஆண்டிலேயே வில்லா கொலம்போவைத் திறந்தனர். யூதருக்குப் பேகிறெஸ்ற் உண்டு. இத்தகைய இல்லங்களுக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்வதே அவற்றின் தேவைக்குச் சான்று.

பொதுவான இல்லமொன்றைப் பார்க்கச் செல்லும்போது மொழி பற்றித் துல்லியமாகக் கேளுங்கள். "தமிழ் பேசுபவர் இருக்கிறார்களா?" என்றால் "ஆம்" என்பதே பதிலாக வரும். பி.எஸ்.டபிள்யூ. என்று நாம் அழைக்கும் பராமரிப்புப் பணியில் எமது பெண்கள் பலர் உழைக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் அவர் எந்த மாடியில், எந்த நேரத்தில் வேலை செய்கிறார்? இரவில் யார்? இவையே கேட்க வேண்டிய கேள்விகள். உங்கள் அயலில் அப்பணி செய்யும் சகோதரி ஒருவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். எந்த இல்லத்தில் தன் தாயை விடுவார், எங்கே விடமாட்டார் என்று அவர் கூறுவது எந்தப் பிரசுரத்திலும் அச்சாகாத செய்தி.

நேரிற் செல்லும்போது

ஒழுங்குசெய்யப்பட்ட சுற்றுலாவில் நல்ல முகம் மட்டுமே தெரியும். அதன் பின்னர் இன்னொரு நாள், மாலைச் சாப்பாட்டு வேளையில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் செல்லுங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

உள்ளே நுழைந்தவுடன் சிறுநீர் மணம் அடிக்கிறதா? அழைப்பு மணி ஒலித்தால் எவ்வளவு நேரத்தில் ஒருவர் வருகிறார்? ஊட்டிவிடுபவர் அருகில் அமர்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அவசரமாக ஊட்டுகிறாரா? முதியவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகின்றனரா? பகலிலும் எத்தனை பேர் கட்டிலிலேயே கிடக்கின்றனர்?

சட்டத்தின் அளவுகளையும் அறிந்து வைத்திருங்கள். வாரத்துக்கு இரு தடவையாவது, முதியவர் விரும்பும் முறையில், குளிக்கவைக்க வேண்டும். மாலை உணவை ஐந்து மணிக்கு முன்னர் பரிமாறலாகாது. உணவுப் பட்டியலின் சுற்று 21 நாட்களுக்குக் குறையலாகாது. அப்பட்டியலை வாங்கிப் பார்த்து, மரக்கறி மட்டும் உண்பவருக்கும் மாட்டிறைச்சி தவிர்ப்பவருக்கும் நாள்தோறும் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை விரதகாரருக்கு ஒவ்வொரு வாரமும் பாணும் பாற்கட்டியும்தான் என்றால் அது உணவன்று, தண்டனை. சோறும் சொதியும் வீட்டிலிருந்து கொண்டுவர இடமுண்டா என்பதையும் கேளுங்கள்.

2021ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பை 2025 மார்ச் இறுதிக்குள் எட்டுவதை இலக்காக வைத்தது. இது மாகாணம் முழுவதற்குமான சராசரி. ஒவ்வோர் இல்லத்துக்குமான உத்தரவாதம் அன்று. ஆகையால், "இந்த மாடியில் எத்தனை முதியோர்? பகலிலும் மாலையிலும் இரவிலும் எத்தனை பணியாளர்? ஒருவர் சுகவீனமுற்றால் அவரிடத்துக்கு யார் வருவார்?" என்று கேட்பதே நேர்வழி.

காலம் என்னும் பகைவன்

விண்ணப்பத்தை ஒன்ராறியோ ஹெல்த் அற் ஹோம் என்ற அமைப்பினூடாகவே செய்ய வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 310-2222. மதிப்பீடு முடிந்ததும் ஐந்து இல்லங்கள் வரை தெரிவுசெய்யலாம். நெருக்கடி நிலையிலுள்ளோருக்கு முதலிடம். பிரிந்திருக்கும் கணவன் மனைவியரைச் சேர்ப்பதற்கு அடுத்த இடம். சமய, இன, மொழி அடிப்படையிலான இல்லத்தை நாடுவோருக்கும் தனி வரிசை உண்டு. 2023ஆம் ஆண்டளவில் மாகாணத்தில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் காத்திருந்தனர்.

கட்டில் கிடைத்ததென அழைப்பு வந்தால் 24 மணித்தியாலத்துக்குள் பதில் கூறவும், ஐந்து நாட்களுக்குள் குடிபுகவும் வேண்டும். வீட்டிலிருந்து விண்ணப்பித்தவர் மறுத்தால், எல்லாப் பட்டியல்களிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டு, நிலைமை மாறினாலன்றி 12 வாரம் கழித்தே மீண்டும் விண்ணப்பிக்க முடியும். ஆகவே பார்த்திராத இல்லமொன்றைப் பட்டியலை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். ஐந்திலும் எது கிடைத்தாலும் சம்மதம் என்ற நிலையிலேயே ஐந்தையும் எழுத வேண்டும்.

வைத்தியசாலையில் இருப்பவர் நிலை இன்னும் இறுக்கமானது. 2022ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி, வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை எனக் கூறப்பட்ட ஒருவருக்கு, அவர் கேட்காத இல்லமொன்றையும் தெரிவுசெய்யலாம். தென் ஒன்ராறியோவில் அது 70 கிலோமீற்றர் வரை இருக்கலாம். ஸ்காபரோவிலிருந்து அது ஒஷாவாவையும் தாண்டிய தூரம். இடம் ஒதுக்கப்பட்ட பின்னரும் வெளியேற மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். கார் ஓட்டத் தெரியாத அம்மா, அப்பாவைப் பார்க்க எத்தனை பஸ் மாறுவது? வீட்டில் இருக்கும்போதே இல்லங்களை ஒப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

இன்னொன்று: சுயமாகத் தீர்மானிக்கும் ஆற்றலுள்ள முதியவரை அவரது சம்மதமின்றி எவரும் இல்லத்தில் சேர்க்க முடியாது. பிள்ளைகள் கூடி முடிவெடுத்துவிட்டு இறுதியில் அறிவிப்பது முறையுமன்று, சட்டமுமன்று. பார்க்கச் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

சேர்த்த பின்னர்

இல்லத்தில் சேர்த்த ஆறு வாரங்களுக்குள் குடும்பத்தோடு பராமரிப்புக் கலந்துரையாடல் ஒன்று நடத்தப்பட வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் நடத்தப்பட வேண்டும். அதைத் தவறவிடாதீர்கள். குடும்பத்தினர் கூடும் குடும்ப சபையிற் சேருங்கள். எமது முதியோர் முறைப்பாடு செய்ய அஞ்சுவர். "சொன்னால் பிறகு என்னைக் கவனிக்க மாட்டினம்" என்பர். முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்குவதைச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். இல்லத்தின் நிர்வாகம் செவிசாய்க்காவிடின் அமைச்சின் தொலைபேசி இலக்கம் 1-866-434-0144.

எல்லாவற்றினும் மேலான பரிசோதகர் அடிக்கடி வந்துபோகும் மகனும் மகளும் பேரப்பிள்ளையுமே. எவருக்குக் கேட்பார் உண்டு என்பதைப் பணியாளர் நன்கறிவர். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது கைவிடுதல் அன்று. விசாரியாமற் சேர்ப்பதும், சேர்த்த பின்னர் செல்லாமல் விடுவதுமே கைவிடுதலாகும். இந்த வார இறுதியில் ஓர் இல்லத்தையாவது போய்ப் பாருங்கள். திரும்பி வந்து அப்பாவோடும் அம்மாவோடும் அதைப்பற்றி மனந்திறந்து பேசுங்கள். அவர்களுக்கு இன்னும் பேச முடிகிறபோதே பேசுங்கள்.